பிரேக்கில் கிடைக்கும் பெட்ரோல்

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஊருக்குள் ஓட்டினால் மைலேஜ் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு, இரண்டும் கலந்து ஓட்டினால் எவ்வளவு என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு அதில் அச்சாகியிருக்கும். 2023-ஆம் ஆண்டின் டொயோட்டா ராவ்4 காரை எடுத்துக்கொள்வோம். முன்சக்கர இயக்கம் கொண்ட சாதாரண பெட்ரோல் மாடலுக்கு ஊருக்குள் 27, நெடுஞ்சாலையில் 35. அங்கே ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்பதுதான் கணக்கு. நம் வழக்கப்படி சொன்னால் லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர், 14.9 கிலோமீட்டர். அதே ராவ்4-இன் ஹைப்ரிட் மாடலுக்கு 41, 38. அதாவது 17.4, 16.2.

எண்கள் கூடியிருப்பது எல்லோர் கண்ணிலும் படும். அவற்றின் வரிசை புரண்டிருப்பதுதான் எனக்கு வியப்பு. ஊருக்குள் வண்டி பெட்ரோல் குடிக்கும், ஹைவேயில் ஏறினால் மைலேஜ் தரும் என்பது கார் ஓட்டுகிற எவரும் அறிந்த பழைய பாடம். ஹைப்ரிட்டில் அது தலைகீழாகிவிடுகிறது. ராவ்4 ஹைப்ரிட்டா, அதன் நேர்ப் போட்டியாளரான ஹோண்டா சி.ஆர்-வி ஹைப்ரிட்டா என்று தயங்கி நிற்கும் குடும்பம் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தப் புரட்டலைத்தான். விலைப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்த எஸ்.யு.வி. சுமார் 2,000 கிலோ எடை இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 2.8 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.2 கோடி ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் நின்று நின்று ஓடும் சாதாரண எஞ்சின் அதில் நாலில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்த்தாலே பெரிது. மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடும். இந்தக் கணக்கில், நின்ற இடத்திலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 35 மில்லி பெட்ரோல் எரிகிறது. அடுத்த சிக்னல் சிவக்கிறது. பிரேக்கை மிதிக்கிறோம். அந்த 2.8 லட்சம் ஜூலும் பிரேக் டிஸ்க்கைச் சூடாக்கிவிட்டுக் காற்றோடு போகிறது. முப்பது முறை இப்படி நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் பெட்ரோல் பிரேக்குக்கே காணிக்கை.

ஹைப்ரிட் செய்யும் முதல் வேலை இந்த இழப்பைத் தடுப்பது. பிரேக்கை மிதித்ததும் சக்கரத்தோடு இணைந்த மின்மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. ஓடும் வண்டியின் வேகத்தை உறிஞ்சி மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. போகிற வழியிலும் வருகிற வழியிலும் கொஞ்சம் சேதாரம் உண்டு என்றாலும் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கிறது. அடுத்த முறை கிளம்ப அதுவே உதவுகிறது.

இதற்குப் பெரிய பேட்டரி தேவையில்லை என்பது பலரும் கவனிக்காத விஷயம். சி.ஆர்-வி ஹைப்ரிட்டின் பேட்டரியில் அடங்குவது ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம், நம் வீட்டு மின்கட்டண அட்டையில் வருகிற அதே யூனிட்தான். முழு மின்சாரக் கார்களில் 60, 70 யூனிட் பேட்டரிகள் சாதாரணம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 110 மில்லி பெட்ரோலில் இருக்கும் ஆற்றல்தான் அது. ஆனால் சிக்னலில் மிச்சமாகும் 2.8 லட்சம் ஜூலைப் பத்துப் பன்னிரண்டு முறை வாங்கி வைக்க அதுவே போதும். இது பாட்டியின் சுருக்குப்பை மாதிரி. சேமிப்பெல்லாம் அதில் இருக்காது. கைக்கு வந்த சில்லறை உள்ளே போகும், தேவைப்படும்போது வெளியே வரும். அதனால்தான் இந்தக் கார்களை வீட்டு பிளக்கில் சொருகிச் சார்ஜ் செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது உத்தி எஞ்சினுக்குள்ளே இருக்கிறது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1880-களில் உருவாக்கிய எஞ்சினில், வாயு விரிவடையும் தூரம் அது அமுக்கப்படும் தூரத்தைவிட அதிகம். எரிந்த வாயுவிலிருந்து கடைசிச் சொட்டு வேலையையும் பிழிந்தெடுக்கும் ஏற்பாடு அது. இன்றைய எஞ்சின்கள் இதே பலனை எளிதாகப் பெறுகின்றன. உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள்; உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியே தள்ளப்படுகிறது; அமுக்கம் குறைகிறது, விரிவு முழுதாக நடக்கிறது. மைலேஜ் கூடும், ஆனால் அடிவேகத்தில் இழுவை குறைந்துவிடும். மின்மோட்டாரோ நேர் எதிர். நின்ற நிலையில்தான் அதற்கு முழு இழுவை. ஒன்றின் குறையை மற்றது நிரப்புவதால், தனியாக விற்றால் யாரும் வாங்கத் தயங்கும் ஒரு எஞ்சினை இந்தக் கார்களில் வைக்க முடிகிறது. ராவ்4 ஹைப்ரிட்டின் 2.5 லிட்டர் எஞ்சின், பெட்ரோலின் ஆற்றலில் அதிகபட்சம் 41 விழுக்காட்டை வேலையாக மாற்றும் என்கிறது டொயோட்டா. பெட்ரோல் எஞ்சினுக்கு இது மிகப் பெரிய சாதனை.

இதுவரை சொன்னது இரண்டு கார்களுக்கும் பொது. எஞ்சினையும் மோட்டாரையும் சக்கரத்தோடு எப்படி இணைப்பது என்ற இடத்தில்தான் இரு நிறுவனங்களும் பிரிந்து போகின்றன.

டொயோட்டாவின் வழி 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸ் காரிலிருந்து தொடங்குகிறது. தக்கேஷி உச்சியமாடா தலைமையிலான குழு அதை வடிவமைத்தது. அதன் மையத்தில் இருப்பது ஒரு பல்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சிறு சக்கரம், அதற்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றி ஓடும் சில சக்கரங்கள் கோள்கள். எல்லாவற்றையும் சூழ்ந்து, உட்புறம் பற்கள் கொண்ட ஒரு வளையம். சூரியனோடு ஒரு மின்மோட்டார் இணைந்திருக்கிறது. கோள்களைத் தாங்கும் சட்டத்தோடு எஞ்சின். வளையத்தோடு இரண்டாவது மின்மோட்டாரும் கார்ச் சக்கரங்களும். பெரும்பாலான பிரியஸ் கார்களில் சூரியனுக்கு 30 பற்கள், வளையத்துக்கு 78. இந்த இரண்டு எண்களுக்குள் டொயோட்டாவின் முழு ரகசியமும் அடங்கியிருக்கிறது என்றே சொல்வேன்.

எஞ்சின் திருப்பும் விசை இந்தப் பற்களின் விகிதத்தில் எப்போதும் இரண்டாகப் பிரிகிறது. ஏறக்குறைய 72 பங்கு வளையம் வழியாக நேரே சக்கரத்துக்கு. 28 பங்கு சூரியனுக்கு. சூரியனோடு இருக்கும் மோட்டார் அதை மின்சாரமாக்கி, வளையத்தில் இருக்கும் மோட்டாருக்கு அனுப்புகிறது. விசையின் பங்கு மாறாது, சுழலும் வேகங்கள் மட்டும் மாறும். எஞ்சினை நிறுத்திவிட்டு வளையத்தை நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடவிட்டால், சூரியன் எதிர்த்திசையில் 2,600 சுற்று ஓடும். அந்தச் சூரியனின் மோட்டாரை மெல்லப் பிடித்து நிறுத்தினால் எஞ்சின் தானாகச் சுழலத் தொடங்கும். ஆகவே தனியாகச் செல்ஃப் மோட்டார் வேண்டாம். சூரியனை எந்த வேகத்தில் ஓடவிடுகிறோமோ அதற்கேற்ப எஞ்சினின் வேகம் அமைவதால் தனித்தனி கியர்களும் வேண்டாம். பின்னால் போக மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் போதும், ரிவர்ஸ் கியரும் இல்லை. கிளட்ச் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. தேய்வதற்கு உரிய உறுப்புகள் ஒவ்வொன்றாக இல்லாமலே போயிருக்கின்றன. டொயோட்டா ஹைப்ரிட்டுகள் டாக்ஸியாக ஓடி லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்குவதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம்.

ஹோண்டாவும் ஹைப்ரிட்டுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் முதன்முதலில் விற்பனைக்கு வந்த ஹைப்ரிட் கார் 1999 டிசம்பரில் வந்த ஹோண்டா இன்சைட்தான், பிரியஸ் அங்கே போனது 2000-இல். ஆனால் இன்றைய சி.ஆர்-வியில் இருக்கும் அமைப்பு 2013-இல் அக்கார்ட் காரோடு வந்த வேறொரு யோசனை. இதில் கோள் சக்கரங்கள் கிடையாது. ஊருக்குள் ஓடும்போது 2.0 லிட்டர் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பெரும்பாலும் நேரடித் தொடர்பு இருப்பதில்லை. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும். ஜெனரேட்டர் மின்சாரம் தரும். 335 நியூட்டன் மீட்டர் இழுவை கொண்ட மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். ஓட்டுகிறவரின் காலுக்கு இது மின்சாரக் கார்தான். மின்நிலையம் பானட்டுக்குள்ளே இருக்கிறது, அவ்வளவே.

எஞ்சினின் சுழற்சியை மின்சாரமாக்கி, மறுபடி சுழற்சியாக்கும்போது சுமார் 10 முதல் 15 விழுக்காடு வழியிலேயே கரைந்துவிடும். ஊருக்குள் இது பெரிய நஷ்டமில்லை. எஞ்சின் தனக்குச் சிக்கனமான வேகத்தில் மட்டும் ஓடலாம், தேவையில்லாதபோது அணைந்துவிடலாம். அந்த லாபம் இந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடும். நெடுஞ்சாலையில் கணக்கு மாறுகிறது. அங்கே எஞ்சின் இடைவிடாமல் ஒரே சீராக ஓட வேண்டும், கரைவதும் இடைவிடாமல் கரையும். ஆகவே ஹோண்டா ஒரு கிளட்ச் வைத்திருக்கிறது. சீரான வேகத்தில் போகும்போது அது பிடித்துக்கொள்ளும். எஞ்சின் ஒரே கியர் விகிதத்தில் நேரே சக்கரத்தை ஓட்டும். சாதாரண காரின் டாப் கியர் போலத்தான்.

டொயோட்டாவின் சூரியனும் நெடுஞ்சாலையில் சோதனைக்கு உள்ளாகிறது. அது ஏறக்குறைய நிற்கும் வேகத்தில் எஞ்சினின் சக்தி அநேகமாக முழுதும் பல்சக்கரம் வழியாகவே போய்விடும், மின்வழியில் கரைவது மிகக் குறைவு. அதையும் தாண்டி வேகம் கூடினால் சூரியன் எதிர்த்திசையில் ஓட வேண்டியிருக்கும். அப்போது அது மின்சாரம் தராது, வாங்கும். வளையத்தின் மோட்டார் தயாரித்துச் சூரியனுக்குக் கொடுக்கும். ஒரே சக்தி உள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வரும் இந்த வேடிக்கையால் கொஞ்சம் வீணாகிறது.

ஆனால் நெடுஞ்சாலையில் இரண்டு கார்களுக்கும் பெரிய எதிரி காற்று. காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். உயரமும் அகலமுமான இந்த வகை எஸ்.யு.வி. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது காற்றுக்கு மட்டும் இரண்டரை கிலோவாட் போதும். 110-இல் சுமார் 15 கிலோவாட் வேண்டும். அந்தச் சக்தியைப் பிரேக் பிடித்துத் திரும்ப வாங்க வழியில்லை, அது காற்றைக் கலைத்ததோடு முடிந்தது. சிக்னலில் சேமிக்கத் தெரிந்த வண்டிக்கு, சிக்னலே இல்லாத சாலையில் சேமிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. மைலேஜ் தாளில் வரிசை புரண்டதற்குக் காரணம் இதுதான்.

இப்போது இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2023 சி.ஆர்-வி ஹைப்ரிட், முன்சக்கர இயக்கத்தில், ஊருக்குள் 43, நெடுஞ்சாலையில் 36, கலந்து 40. ராவ்4 ஹைப்ரிட்டும் கலந்து 40. சமம் என்று தோன்றும். சமமில்லை. அமெரிக்காவில் 2019 முதல் 2025 வரை வந்த ராவ்4 ஹைப்ரிட் எல்லாமே நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. சி.ஆர்-வியிலும் நான்கு சக்கர இயக்கம் கேட்டால் எண்கள் 40, 34 என்று இறங்கி, கலந்த கணக்கு 37 ஆகிறது. ஹோண்டாவில் முன்னாலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நீண்ட இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் எடையும் உராய்வும் இந்த இறக்கத்தில் பெரும்பங்கு வகிக்கின்றன. டொயோட்டாவில் அந்தத் தண்டே இல்லை. பின்சக்கரங்களுக்கென்று 40 கிலோவாட் மின்மோட்டார் ஒன்றைத் தனியாக வைத்து, கேபிள் மூலம் மின்சாரம் கொடுக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் பணத்தில் எவ்வளவு என்று பார்க்க, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை விட்டுவிட்டு, வருடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்க வேண்டும். வருடம் 20,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு, கலந்த கணக்கில் 30 மைல் தரும் சாதாரண ராவ்4 அல்லது சி.ஆர்-வி குடிப்பது சுமார் 1,570 லிட்டர். நான்கு சக்கர சி.ஆர்-வி ஹைப்ரிட் 1,270. ராவ்4 ஹைப்ரிட் 1,180. பெட்ரோல் காரிலிருந்து ஹைப்ரிட்டுக்கு மாறினால் வருடத்துக்கு 300, 400 லிட்டர் மிச்சம். ஒரு ஹைப்ரிட்டுக்கும் மற்றதற்கும் இடையே இருப்பது 90 லிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு டாங்க். அந்த இரண்டு டாங்க்குக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மைலேஜ் கேள்வி ஹைப்ரிட் என்று முடிவெடுத்தபோதே தீர்ந்துவிட்டது. எந்த ஹைப்ரிட் என்பதை வேறு விஷயங்கள் தீர்மானிக்கட்டும்.

பனி முதல் விஷயம். மினசோட்டாவிலோ டொரண்டோவிலோ குளிர்காலத்தில் காருக்குள் வெப்பம் வேண்டுமானால் எஞ்சின் ஓடியாக வேண்டும், ஏனெனில் ஹீட்டருக்குச் சூடு வருவது எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரிலிருந்துதான். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்குமான குட்டிப் பயணங்களில் எஞ்சின் அணையவே வாய்ப்புக் கிடைக்காது. இரு கார்களின் மைலேஜும் அங்கே இறங்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு வேறு வேலையும் பார்த்தது. 2019 முதல் 2021 வரையிலான ராவ்4 ஹைப்ரிட்டுகள் சிலவற்றில், பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பில் உப்புநீர் இறங்கி அரிப்பு ஏற்பட்டது. டொயோட்டா அந்த உறுப்புக்கான வாரண்டியை நீட்டித்தது. பழைய காராக வாங்குகிறவர்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தி அந்த இணைப்பைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஹோண்டாவுக்கும் ஒரு கரும்புள்ளி உண்டு. ஸ்டீயரிங் நடுநிலையில் இறுகிப்போகும் குறைக்காக 2024 அக்டோபரில் அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, அதில் சி.ஆர்-வி ஹைப்ரிட்டும் அடக்கம். அந்தப் பழுது சரிசெய்யப்பட்டதா என்பதை வண்டியின் அடையாள எண்ணை (VIN) வைத்து எந்த ஹோண்டா டீலரிடமும் கேட்கலாம்.

இரண்டாவது, பின் சீட். சி.ஆர்-வியில் பின்னால் உட்காருகிறவர் கால் நீட்ட 104 சென்டிமீட்டர், ராவ்4-இல் 96. தாளில் எட்டு சென்டிமீட்டர் அற்பமாகத் தெரியும். கைக்குழந்தையின் கார் சீட்டைப் பின்னோக்கிப் பொருத்தும் வீட்டில், முன்சீட்டில் இருக்கும் ஆளின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்குமா இடிக்காதா என்பதை இந்த எட்டு சென்டிமீட்டர்தான் முடிவு செய்கிறது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா நான்கு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து வருவதற்கும் இது பொருந்தும். எதையாவது பின்னால் கட்டி இழுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு 2023 ராவ்4 ஹைப்ரிட் 790 கிலோ வரை அனுமதித்தது, சி.ஆர்-வி ஹைப்ரிட் சுமார் 450 தான்.

என் கருத்தைக் கேட்டால், பனி விழும் ஊரில் நான்கு சக்கர இயக்கம் கட்டாயம் என்கிறவர்களுக்கும், வாரக் கடைசியில் நெடுஞ்சாலையே கதி என்கிறவர்களுக்கும் ராவ்4. டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில், முன்சக்கர இயக்கமே போதும் என்று ஊருக்குள் குழந்தைகளோடு சுற்றுகிறவர்களுக்கு சி.ஆர்-வி. புதிதாக ராவ்4 வாங்குகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2026 மாடலிலிருந்து அமெரிக்காவில் சாதாரண பெட்ரோல் ராவ்4 கிடையாது, எல்லாமே ஹைப்ரிட். முன்சக்கர இயக்கத்திலும் இனிக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு ஹைப்ரிட்டுகளும் ஷோரூமில் இல்லை. ஆனால் இரண்டின் இயற்பியலும் அங்கே இருக்கிறது. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் மாடல்களில் சுழல்வது அதே கோள் சக்கரம். 2022-இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் செடானில் இருப்பது அதே கிளட்ச் யோசனை. சென்னை வெயிலில் இவற்றுக்குக் கூடுதலாக ஒரு பலம் உண்டு. ஏ.சி. கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்டில் ஓடாமல் மின்சாரத்தில் ஓடுவதால், சிக்னலில் எஞ்சின் அணைந்திருக்கும்போதும் குளிர்ந்த காற்று நிற்காது. ஆனால் ஹைரைடரிலும் கிராண்ட் விட்டாராவிலும் மைல்டு ஹைப்ரிட் என்ற மலிவான வகையும் விற்கிறது. அதில் இருப்பது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறிய மோட்டார் மட்டுமே. அதனால் தனியாகக் காரை நகர்த்த முடியாது, மேலே சொன்ன சேமிப்பில் சிறு பகுதிதான் அதற்குக் கிடைக்கும். இரண்டு வகையின் பெயரிலும் ஹைப்ரிட் என்ற சொல் வருவதால் விற்பனையாளரிடம் ஸ்ட்ராங்கா, மைல்டா என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போது கடைத்தெருவில் ஒரு சுற்று வந்து திருப்தியடைய வேண்டாம், அங்கே இரண்டுமே சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டிலோ, நெடுஞ்சாலை ஏறும் வளைவிலோ ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பாருங்கள். ராவ்4-இன் எஞ்சின் உச்ச வேகத்துக்குப் போய் அங்கேயே நின்று முழங்கும். வண்டி அதற்குப் பின்னால் வேகம் பிடிக்கும். சிலருக்கு அது பெரிய எரிச்சல். சி.ஆர்-வியில் சத்தம் ஏறி, விழுந்து, மறுபடி ஏறும். கியர் மாறுவது போலக் கேட்கும், ஆனால் மாற அங்கே கியர் இல்லை. எஞ்சின் சத்தமும் வண்டியின் வேகமும் ஒத்துப்போனால்தான் மனிதக் காது அமைதி கொள்ளும் என்பதற்காக ஹோண்டா எழுதிவைத்த நிரல் அது. இதில் எது பிடிக்கிறது என்பதை ஓட்டுகிறவர் மட்டும் சொல்லக் கூடாது, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களையும் கேளுங்கள். குழந்தையின் கார் சீட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போய், இரண்டு காரிலும் பொருத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.